வரி கட்டாததால்தான் ஏழைப் பள்ளிகள் நலிந்தனவா?

"அமெரிக்காவில் ஏழைப் பகுதி அரசுப் பள்ளிகள் நலிந்து கிடப்பதற்குக் காரணம், அங்குள்ளவர்களுக்கு வரி கட்ட மனமில்லாததே" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு, அந்தப் பெற்றோருக்கு இழைக்கும் அநியாயமும்கூட.

அங்கே பள்ளி நிதியில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் 1967-68 கணக்கைப் பாருங்கள். மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்த ஏழை வட்டாரமான எட்ஜ்வுட்டில் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி. அந்த நகர்ப்பகுதியிலேயே அதுதான் மிக அதிகம். வசதி படைத்த அலாமோ ஹைட்ஸில் 0.85 டாலர்தான். ஆனாலும் அந்த வரியால் மாணவர் ஒருவருக்கு எட்ஜ்வுட்டில் கிடைத்தது 26 டாலர்; அலாமோ ஹைட்ஸில் 333 டாலர்! சொத்துக்கே மதிப்பில்லாத இடத்தில் வரியை எவ்வளவு கூட்டினாலும் என்ன தேறும்? மாநில, மத்திய அரசுகளின் உதவி சேர்ந்த பிறகும் 356 டாலருக்கு 594 டாலர் என்ற இடைவெளி நின்றது.

1968 மே மாதம் எட்ஜ்வுட் மாணவர்கள் தகுதியான ஆசிரியர்கள் கேட்டு வகுப்பிலிருந்து வெளியேறினார்கள். டிமெட்ரியோ ரோட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் இந்த நிதிமுறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் கைவிரித்தது. அப்போதும் இந்தக் கணக்கை அது மறுக்கவில்லை; தீர்ப்பிலேயே இந்த எண்கள் இருக்கின்றன. 1989-ல்தான் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், இந்த நிதிமுறை மாநில அரசமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.