பெயரை மாற்றிவிட்டால் ஊருக்குத் தெரியாதா?

சில ஆண்டுகளுக்கு முன் நம் மலேசியாவில் நடந்த ஒரு கொலையைத் தமிழ்த் தொடராக எடுக்கப் போகிறார்கள் என்றும், தோட்டக் காட்சிகளுக்காகப் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட் பக்கம் இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றும் ஊரில் பேச்சு அடிபடுகிறது. நம் பிள்ளைகளுக்கு நடிக்க வாய்ப்புக் கிடைக்கும், நம் ஊர் திரையில் வரும் என்று பலர் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க நான் விரும்பவில்லை. உண்மைக் கொலைகளை நாடகமாக்கவே கூடாது என்று சொல்கிறவளும் அல்ல. ஆனால் படப்பிடிப்புத் தொடங்கும் முன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொலையுண்டவரின் வீட்டாரிடம் யாராவது நேரில் போய்ப் பேசினார்களா?

“பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே” என்று தொடக்கத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்றே தொடர் எடுப்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் அது ஓரளவு செல்லுபடியாகலாம். தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர்களில் ஆகாது. நாங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பிறகு தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள். எந்த வீட்டுப் பிள்ளை எந்தத் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறது, யாருக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதெல்லாம் அக்கம்பக்கத்துக்கு அத்துப்படி. இப்படிப்பட்ட ஊரில் பெயரை மாற்றுவதால் எதுவும் மறைவதில்லை. மாறாக, கதாசிரியர் கற்பனையாகச் சேர்த்ததையும் ஊர் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறது.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். முன்பு நான் குடியிருந்த ஊரில் எனக்கு நன்கு பழக்கமான ஓர் அக்காவின் மகள் கொல்லப்பட்டாள். வழக்கு நடந்தது, கொன்றவன் தண்டனை பெற்றான். சில காலம் கழித்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அதை நாடகமாக்கி ஒளிபரப்பியது. பெண்ணின் பெயரை மாற்றியிருந்தார்கள், தொழிற்சாலையில் வேலை செய்தவளைக் கிளினிக்கில் வேலை செய்பவளாக ஆக்கியிருந்தார்கள். ஆனால் மாரியம்மன் கோயில் முச்சந்தியும், பஸ் வந்து நிற்கும் இடமும், அன்று பெய்த மழையும் அப்படியே இருந்தன. கதைக்குக் காரணம் போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, அவளுக்கு ஒரு கள்ளத்தொடர்பையும் சேர்த்துவிட்டார்கள். விசாரணையில் அப்படியொரு பேச்சே எழவில்லை. அடுத்த வாரம் இரவுச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்த அக்காவிடம், நெடுநாள் பழகிய ஒருவரே, “மகளுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தத நீங்க சொல்லவே இல்லயே” என்று கேட்டிருக்கிறார்.

நான் பார்க்கப் போனபோது அக்கா அழவில்லை. “டிவில என்னென்னவோ காட்டுனாங்க தங்கச்சி. லைசன்ஸ் எடுக்கணும்னு அவ காசு சேத்தாளே, உண்டாங் டெஸ்ட்கூட பாஸ் பண்ணிட்டாளே, அத ஒருத்தரும் காட்டல” என்றார். உண்டாங் டெஸ்ட் என்பது ஓட்டுநர் உரிமத்துக்கான சாலை விதித் தேர்வு. அந்த நிகழ்ச்சிக்காக ஒருவர்கூட அந்த வீட்டுப் படியேறவில்லை. ஏறியிருந்தால் அந்த லைசன்ஸ் கதை அவர்களுக்குக் கிடைத்திருக்கும். கள்ளத்தொடர்பைக் கற்பனை செய்ய வேண்டியே இருந்திருக்காது.

இறந்தவரின் நற்பெயருக்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு இல்லை. அவதூறுக்காக இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமை அவரோடு மறைந்துவிடுகிறது. குற்றவியல் சட்டத்தின் 499ஆவது பிரிவு, இறந்தவர்மீது பழி சுமத்துவதும் அவதூறாகலாம் என்கிறது. ஆனால் அது குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு தாயை அழவைக்க வேண்டும் என்று யாரும் தொடர் எடுப்பதில்லை, விறுவிறுப்புக்காகத்தான் எடுக்கிறார்கள். அதனால் அந்தப் பிரிவு இருந்தும் அக்காவைப் போன்றவர்களுக்குப் பெரிதாகப் பயனில்லை.

தமிழ்நாட்டில் ஆட்டோ சங்கர் வழக்கு எல்லாருக்கும் தெரிந்ததே. மரண தண்டனைக் கைதியாக இருந்த அவருடைய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம், அதை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, பொதுப் பதிவுகளில் உள்ளதை ஒருவரின் அனுமதியின்றி வெளியிடலாம், அதைத் தாண்டி அவருடைய வாழ்க்கைக்குள் புகுந்தால் அந்தரங்க உரிமையை மீறியதாகலாம் என்றும், பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரைப் பதிவில் இருந்தாலும் வெளியிடலாகாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அது கிழித்த கோடு எனக்குச் சரியாகவே படுகிறது.

2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த டாமர் தொடரைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1978க்கும் 1991க்கும் இடையில் 17 பேரைக் கொன்றவனைப் பற்றிய தொடர் அது. கொலையுண்ட ஒருவரின் சகோதரி 1992இல் நீதிமன்றத்தில் கதறிப் பேசியதை அப்படியே நடிக்க வைத்திருந்தார்கள். தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் வேதனையோடு எழுதினார். குடும்பத்தாரும் நண்பர்களுமாக ஏறக்குறைய 20 பேரைத் தொடர்பு கொண்டோம், ஒருவரும் பதில் தரவில்லை என்பது தொடரை உருவாக்கியவரின் விளக்கம். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முகம் தெரியாதவர்களுடைய கடிதத்துக்கோ வாட்ஸ்அப் செய்திக்கோ பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்று டென்மார்க்கில் 2020இல் செய்து காட்டினார்கள். 2017இல் நீர்மூழ்கிக் கலம் ஒன்றில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கிம் வாலின் வழக்கைப் பற்றிய தொடர் அது. ஆறு பகுதிகளில் ஒன்றில்கூடக் கொலையாளியின் முகம் இல்லை, பெயரும் உச்சரிக்கப்படுவதில்லை, கொலை நடக்கும் காட்சியும் கிடையாது. காவல் துறையினரின் பொறுமையும், கடலடியில் தேடிய முக்குளிப்பவர்களின் உழைப்பும், பெற்றோரின் காத்திருப்புமே கதை. அந்தப் பெற்றோரின் ஒத்துழைப்போடுதான் அது எடுக்கப்பட்டது. விறுவிறுப்புக் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். 1975க்கும் 1980க்கும் இடையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷியர் வட்டாரத்திலும் மான்செஸ்டரிலும் 13 பெண்கள் கொல்லப்பட்டதை 2023இல் தொடராக எடுத்தவர்களும், கொலையாளியின் பட்டப்பெயரைத் தலைப்பில் வைக்க உறவினர்கள் ஆட்சேபித்ததால் தலைப்பையே மாற்றினார்கள்.

அப்படியானால் எதையுமே எடுக்க முடியாதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் சுங்கை சிப்புட்டே கொலைகளால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர்தான். 1948 ஜூன் 16ஆம் நாள் எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிறந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதை யார் எடுத்தாலும் நான் ஆவலோடு பார்ப்பேன். அது பழைய கதையாகிப் போன கொலை. நான் பேசுவது, கொலையுண்டவரின் தாய் இன்னும் அதே கடையில் சாமான் வாங்குகிற காலத்தைப் பற்றி. அந்தத் தாய்மாரிலும் எல்லாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. காவலில் மகனை இழந்து, வழக்கு இழுத்தடிக்கப்பட்டு, யாராவது இதை ஊரறியச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகாமல் இருப்பதும் தவறுதான். வீட்டார் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் அந்தக் கதையை விட்டுவிட வேண்டும், அல்லது ஊர், தொழில், இடம், சம்பவம் எல்லாவற்றையும் அடியோடு மாற்றிவிட வேண்டும். முச்சந்தியை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

சம்மதித்த குடும்பத்துக்கும் செய்ய வேண்டியது நிறைய உண்டு. முடிந்த தொடரை அவர்களுக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும். ஒளிபரப்பாகும் நாளையும் நேரத்தையும் முன்னதாகச் சொல்ல வேண்டும். அந்த வாரம் அவர்கள் உறவினர் வீட்டில் போய் இருக்க விரும்பலாம். விளம்பரத் துணுக்குகளில் கொலைக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டக் கூடாது, ஏனென்றால் தொடரைப் பார்க்காமல் ஒதுங்குகிறவர்களாலும் விளம்பரத்திலிருந்து தப்ப முடியாது.

படக்குழுவினர் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸிடம் படப்பிடிப்புச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வருவார்கள். அது அவர்கள் வேலை. கோயில் மண்டபத்தையும் லயத்து வீடுகளையும் கேட்டு நம்மிடம் வரும்போது, குடும்பத்தாரைப் பார்த்தீர்களா, எப்போது பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்பது நம் வேலை. ஆலய நிர்வாகத்தின் அடுத்த கூட்டத்தில் இதை நான் எழுப்பப் போகிறேன். குடும்பத்தாரின் கடிதத்தைப் பார்த்த பிறகே மண்டபத்தைத் தருவது என்று முடிவெடுக்கச் சொல்வேன். இந்தப் பதிவைப் படிக்கும் நிர்வாக உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.