அப்பாயி கையில் இருந்த கோலம்
மின்சார மெஷின் வந்த பிறகுதான் பச்சை குத்துவது கலையானது என்று இங்கே வந்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நியூயார்க்கில் பச்சை குத்திவந்த சாமுவேல் ஓரெய்லி, தாளில் துளை போட்டுப் படியெடுக்க எடிசன் செய்த மின்பேனாவை வைத்து உருவாக்கிய மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1891-ல். அதற்கு வெகு முன்பே நம் ஊர்த் திண்ணைகளில் குறவர் சமூகப் பெண்கள் ஊசியும் மையுமாக உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தார்கள். என் அப்பாயியின் முன்கையில் ஒரு சிக்குக்கோலம் இருந்தது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சின்ன வயதில் விரலால் தடவித் தடவித் தேடியிருக்கிறேன், ஒருநாளும் பிடிபட்டதில்லை. வலியில் கையை உதறும் பிள்ளையைப் பாட்டுப் பாடி அடக்கிக்கொண்டே, நேரே தோலில் போட்ட கோலம் அது! இதைவிடக் கைத்திறன் வேறென்ன வேண்டும்? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், மையில் இலைச்சாறு சேர்ப்பதால்தான் பச்சை நிறம் வருகிறது என்று எழுதியிருக்கிறார். சாறு சேர்ப்பார்கள்தான், ஆனால் நிறம் விளக்குக்கரியுடையது. கறுப்புக் கரி தோலுக்கு அடியில் இறங்கிவிட்டால் வெளியிலிருந்து பார்க்க நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். அப்பாயியின் கடைசிக் காலத்தில் கோடுகள் கொஞ்சம் தடித்திருந்தன, ஆனால் ஒரு புள்ளிகூட அழியவில்லை.