அதுவும் எம்.சி.தான்

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கப் பார்த்தேன். முடியவில்லை. எந்தக் குழு, யார் போட்ட படம் என்று விளக்கப் போவதில்லை. கோலாலம்பூரில் கறுப்புக் கோட்டு போடும் நம் ஆட்களில் பலருக்கு இந்நேரம் அது வந்து சேர்ந்திருக்கும். ஒரு இளைய வழக்கறிஞர் வழக்கைத் தள்ளிவைக்கக் கொடுத்த எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு. தலைப்பில் மனநல கிளினிக்கின் பெயர். அதைப் படம் பிடித்து வாட்சாப்பில் போட்டு, கீழே மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லி, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று எழுதியவர் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. அதுதான் அதிகம் வலித்தது.

எம்.சி. என்றால் எம்.சி.தான். டெங்கிக்குக் கொடுத்தாலும் எம்.சி., முதுகு வலிக்குக் கொடுத்தாலும் எம்.சி., மனச்சோர்வுக்குக் கொடுத்தாலும் எம்.சி. கையெழுத்துப் போட்டவர் பதிவு பெற்ற மருத்துவர். போன மாதம் அதே குழுவில் ஒருவர் டெங்கி என்று சொன்னபோது பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொல்லி எத்தனை பேர் அக்கறையாக எழுதினீர்கள்! அந்த அக்கறை இந்தத் தம்பிக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது?

இன்னொன்றும் கேட்கிறேன். கட்சிக்காரர் நம்மிடம் சொன்ன ஒரு வார்த்தையை வெளியே விடக்கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு நம்மை விடாது. பெண்டாட்டியிடமும் சொல்ல முடியாது, புருஷனிடமும் சொல்ல முடியாது. அப்படி இரகசியம் காத்துப் பிழைப்பு நடத்தும் நாம், கூட வேலை பார்க்கிறவரின் மருத்துவச் சீட்டைத் தெருவில் போடலாமா? எதிர்த்தரப்பு என்ற முறையில் கைக்கு வந்த காகிதம் அது. குழுவில் போடுவதற்காக யாரும் அதைக் கொடுக்கவில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை" என்கிறீர்கள். சரி, தாங்குவது என்றால் என்ன என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு 39பி வழக்கில், அதாவது போதைப்பொருள் கடத்தல் வழக்கில், சீனியருக்குத் துணையாக உட்கார்ந்தேன். நிரூபணமானால் தூக்குத்தான் என்று இருந்த காலம். தீர்ப்பன்று ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்கு அந்தப் பையனின் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்திருந்தார். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு ஜோடி புதுச் செருப்பு. விடுதலையானால் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர. செருப்பில் விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. தீர்ப்பு வாசித்த பிறகு அவர் அழவில்லை. பையை என் கையில் திணித்து, "இத அவன்கிட்ட குடுத்துரும்மா, செருப்பு சைஸ் சரியா இருக்கான்னு கேளு" என்றார். அன்று மதியமே எனக்கு வேறொரு மென்ஷன், அதாவது வேறு வழக்குக்குத் தேதி வாங்கும் வேலை, இருந்தது. "சாப்பிட்டுட்டு நேரத்துக்கு வந்துடு" என்றார் சீனியர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் நேரத்துக்குப் போனேன். நீதிபதியிடம் தேதி வாங்கினேன். அதற்குப் பிறகு பல மாதம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. லிப்டில் ஏறினால் கை நடுங்கும், வழக்குக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறைப்பேன். கடைசியில் மனநல மருத்துவரிடம் போனேன், ஒரு வருடம் போல மாத்திரை சாப்பிட்டேன். அந்த ஒரு வருடமும் வழக்கு நடத்தினேன், குறுக்கு விசாரணை செய்தேன், ஜெயித்தும் இருக்கிறேன். விடுப்பு மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது இப்போது உங்களுக்கே தெரியும். கேட்டிருந்தால் என் சீட்டும் ஏதோ ஒரு கைக்குப் போயிருக்கும்.

2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை சட்டத்தை விட்டுப் போனது. நல்ல காரியம். ஆனால் அதற்கு முன் அந்த வழக்குகளைச் சுமந்த வழக்கறிஞர்களை உட்காரவைத்து "நீ எப்படிப்பா இருக்க?" என்று யாராவது கேட்டோமா?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனவர். என் நிலையைச் சொன்னபோது, "ஏர்கான்ல ஒக்காந்து பாக்குற வேலைதானம்மா, உனக்கென்ன கொறை?" என்றார். அவர் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் பட்ட பாடு அப்படி. குடும்பத்தில் முதல் வழக்கறிஞர் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நம்மில் எத்தனை பேர் இந்தப் பெருமையைக் காப்பாற்றுவதற்காகவே வீட்டில் வாய் திறக்காமல் இருக்கிறோம்? வீட்டிலும் சொல்ல முடியாது, ஆபீசிலும் சொல்ல முடியாது. மருத்துவரிடம் சொன்னால் அதையும் படம் பிடித்துப் போடுவீர்கள். பிறகு எங்கேதான் போவது?

"வழக்கு தள்ளிப்போனால் கட்சிக்காரர் கதி என்ன?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் சீனியர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் தேதி கேட்கிறோம், சாட்சி வரவில்லை என்றால் தேதி கேட்கிறோம். அப்போதெல்லாம் கட்சிக்காரர் ஞாபகம் வராதா? "பொய் எம்.சி. எடுக்கிறார்கள்" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. காய்ச்சல் என்று பொய் எம்.சி. எடுக்கிறவனும் இருக்கிறான்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?" என்கிறீர்கள். இருந்தது அண்ணே. பெயர் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். குடித்தே போன சீனியர்கள் உங்களுக்குத் தெரியாதவர்களா? அமெரிக்காவில் ஏறத்தாழ 12,800 வழக்கறிஞர்களிடம் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 28 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள், ஐந்தில் ஒருவரிடம் தொல்லை தரும் அளவுக்குக் குடி. நம் நாட்டிலேயே 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்கள் 4.6 விழுக்காடு. 2019இல் 2.3 ஆக இருந்தது. கறுப்புக் கோட்டு போட்டவர்களை மட்டும் அது விட்டுவிடுமா?

அப்புறம் அந்தத் தஞ்சோங் ரம்புத்தான். 1911 முதல் அங்கே இருப்பது ஒரு மருத்துவமனை. நோயாளிகள் போகிறார்கள், சிகிச்சை பெறுகிறார்கள், வீடு திரும்புகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்ய அந்த ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். சட்டம் படித்தவர் சொல்லலாமா? தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம் என்றிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. துன்பத்தில் இருப்பவனைக் குற்றவாளி ஆக்காதே என்று நாட்டின் சட்டம் மாறிவிட்டது. அதை முதலில் படித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

சேம்பரிங் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். வழக்கறிஞர் ஆவதற்கு முன் சீனியரிடம் பெறும் பயிற்சி அது. ஒன்பது மாதம். பல இடங்களில் கையில் கிடைக்கும் தொகை அறை வாடகைக்கும் எல்.ஆர்.டி. ரயிலுக்குமே சரியாகிவிடும். வேறு வேலை பார்த்துச் சமாளிக்கவும் சட்டம் சுலபத்தில் விடாது. இரவு பதினொரு மணிக்கு "நாளைக் காலைக்குள் சப்மிஷன் வேண்டும்" என்று எழுத்து வாதம் கேட்டுச் செய்தி வரும். நீலக் குறி விழுந்து பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் அடுத்த செய்தி. இதையெல்லாம் நாம்தான் செய்கிறோம். அந்தப் பிள்ளை உடைந்து மருத்துவரிடம் போனால், சிரிப்பதும் நாம்தான்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, மனம்விட்டுப் பேச உதவி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்தும் ஆரம்பிக்கலாம். உங்கள் சீட்டை நீதிமன்றத்துக்குக் கொடுங்கள், தலை குனிய வேண்டாம்.

படத்தைப் போட்டவருக்கு: நீங்கள் எனக்கு நிறைய சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், அண்ணே. அதை மறக்கவில்லை. அதனால்தான் உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. போட்ட அதே குழுவில், அத்தனை பேர் பார்க்க, அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனிச் செய்தியில் கேட்டால் போதாது. படத்தைச் சேமித்து வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே வந்து "யார் அந்தப் பையன்?" என்று கேட்பவர்கள் யாராக இருந்தாலும் பிளாக் செய்வேன்.