ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு உண்டு

இதய ஸ்டென்ட்டுக்கு (அடைபட்ட இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) அரசு விலைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, மருத்துவமனை சொல்வதுதான் விலை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியல்ல என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

2017 பிப்ரவரியிலேயே தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்துவிட்டது. அதுவரை லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. சாதா உலோக ஸ்டென்ட் 7,260. ஆண்டுதோறும் இதைத் திருத்துகிறார்கள். 2025-இல் மருந்து பூசியது ஏறக்குறைய 38,900 ரூபாய், வரி தனி. தனியார் மருத்துவமனைக்கும் இதே வரம்புதான்.

அப்புறம் ஏன் பில் இரண்டு லட்சம் வருகிறது? வரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான். அறை வாடகை, டாக்டர் கட்டணம், ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை) செய்யும் செலவு எதுவும் அதில் அடங்காது. குழப்பம் இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

நீங்களே சரிபார்க்கலாம். பில்லில் ஸ்டென்ட்டைத் தனி வரியாக, கம்பெனி பெயர், பேட்ச் எண்ணோடு காட்ட வேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு வைத்தபோது பெட்டியில் இருந்த ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில்) ஒட்டியிருந்தார்கள். அதில் இருந்த எண்ணும் பில்லில் இருந்த எண்ணும் ஒன்றா என்று பார்த்தேன். இன்றைய உச்சவரம்பு அந்த ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பில்லில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.