பனியன் லேபிளில் இருப்பது உளவு சிப் அல்ல

"திருப்பூர் பனியன் லேபிளுக்குள் உளவு சிப் வைக்கிறார்கள், நீங்கள் போகும் இடமெல்லாம் செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடும்" என்று ஒரு செய்தி கோவை, ஈரோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உண்மையல்ல.

சில ஏற்றுமதி ஆடைகளில் தொங்கும் அட்டையில் இருப்பது, சரக்கை எண்ண உதவும் ஆர்.எஃப்.ஐ.டி. லேபிள், அதாவது ரேடியோ அலையால் பொருளை அடையாளம் காட்டும் லேபிள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியத்தாலோ வெள்ளி கலந்த மையாலோ ஆன ஆன்டெனா. நடுவே மணல் பருக்கை போல ஒரு சிப். பேட்டரியும் கிடையாது, ஜி.பி.எஸ்.ஸும் கிடையாது. ரீடர் கருவி சில மீட்டர் தூரத்துக்குள் நின்று அலை அனுப்பினால், அந்த ஆற்றலிலேயே விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். செயற்கைக்கோளை எட்ட அதற்குத் தெம்பு ஏது?

அந்தச் செய்தியோடு வரும் படத்தில் "ரகசிய வலை" என்று சிவப்பு வட்டமிட்டிருக்கும் நெளிகோடு அந்த ஆன்டெனாதான். அது நெளிந்திருப்பதற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் இதற்கென உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனாவுக்குத் தேவைப்படும் நீளம் அதன் அரை அலைநீளம், சுமார் 17 சென்டிமீட்டர். விரல் நீள லேபிளில் அதை அடக்க வேண்டுமானால் மடித்து மடித்துத்தான் வரைய முடியும்.

ஐயமிருந்தால் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உங்கள் காரின் ஃபாஸ்டேகிலும் இதே சங்கதிதான். அலைவரிசை விதி தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு வேண்டுமானால் இதை அனுப்புங்கள்.