சக்கரத்துக்குள்ள ஒரு டீ

(சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பேக்கரி. பாய்லர் மேல் சாய்த்து வைத்த செல்போனில் 1968-ல் குப்ரிக் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற விண்வெளிப் படம். டீ மாஸ்டர் குமார். எதிரே லேத் பட்டறை ஆறுமுகம்.)

ஆறுமுகம்: நிறுத்து கண்ணு, நிறுத்து!

குமார்: ஏனுங்ணா, மறுக்காவுமா?

ஆறுமுகம்: ஸ்ட்ராவுல இருந்து வாயை எடுத்ததும் சாறு கீழ எறங்குது பாரு. எடையே இல்லாத எடத்துல கீழ ஏது, மேல ஏது?

குமார்: உறிஞ்சுனா டப்பா ஒடுங்குமுங். வாயை எடுத்தா பழையபடி உப்பி, சாறை உள்ள இழுத்துக்கும். மாங்கா ஜூஸ் டப்பா தெனமும் விக்கறனுங்களே!

ஆறுமுகம்: ...செரி, ஓட்டு. நிறுத்து! நெலாவுல தூசி பொகையாட்ட சுருளுது. சுருள்றதுக்குக் காத்து வேணும். அங்க ஒவ்வொரு துகளும் எறிஞ்ச கல்லாட்ட வளைஞ்சு போயி உழுகோணும்.

குமார்: இப்படியே போனா படம் எப்பங்ணா முடியும்?

ஆறுமுகம்: முடியற பக்கம் இன்னும் மோசம். ஒருத்தன் ஹெல்மெட் இல்லாம வெளிய குதிக்கறப்ப மூச்சைப் புடிச்சுக்குவான். புடிச்சா நுரையீரல் கிழிஞ்சுரும், மூச்சை உட்டுட்டுத்தான் குதிக்கோணும்.

குமார்: கதையைச் சொல்லாதீங்ணா! ஒடம்பு வெடிச்சு செதறாதுங்களா?

ஆறுமுகம்: அதெல்லாம் சும்மா. 1966-ல நாசா வெற்றிட அறையில ஒருத்தரோட உடுப்புல காத்துக்குழாய் கழண்டுக்கிச்சு. சுமார் 14 செகண்டுல மயக்கம். நாக்குல எச்சில் கொதிச்சதுதான் கடைசியா ஞாபகம்னாரு. பொழைச்சுக்கிட்டாரு. ஓட்டு... ஆங், இந்தச் சக்கரம்! எடை வரோணும்னு கப்பலுக்குள்ள ஆளுகளை வெச்சுச் சுத்துது பாரு.

குமார்: இதுக்கென்னங்? உள்ள ஓடறான், நல்லாத்தான இருக்குது.

ஆறுமுகம்: செட்டோட விட்டம் 38 அடி. ஆரம் 5.8 மீட்டர். நெலாவுல இருக்கற எடை வேணும்னாவே நிமிசத்துக்கு 5 சுத்து சுத்தோணும். பூமியில இருக்கற எடைக்கு 12-க்கு மேல.

குமார்: பம்புசெட்டு மோட்டாரு 1,440 சுத்துது, இது சுத்தாதுங்களா?

ஆறுமுகம்: மோட்டாருக்கு வாந்தி வராது கண்ணு. 12 சுத்துல தலையைத் திருப்புனா கண்ணு ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும். செரி, 5 சுத்துன்னே வை. தரை மணிக்கு 11 கிலோமீட்டர்ல போகுது. அதே வேகத்துல எதிர்ப்பக்கம் ஓடுனான்னா எடை பூச்சியம். மெதப்பான்.

குமார்: சுத்தற பக்கமே ஓடுனா?

ஆறுமுகம்: வேகம் ரெண்டு மடங்கு, எடை நாலு மடங்கு.

குமார்: அப்ப அங்க டீ ஆத்த முடியுமுங்களா?

ஆறுமுகம்: (பேனாவை எடுக்கிறார்) மேல் கை தரையில இருந்து 1.6 மீட்டர், கீழ் கை 0.8. டீ அந்தரத்துல வர்றதுக்குள்ள டம்ளர் நகந்துரும். 36 சென்டிமீட்டர் தள்ளி உழுகும், ஒரு அடிக்கும் மேல. மெதுவா சுத்துனாலும் வேகமா சுத்துனாலும் அதே 36-தான்.

குமார்: அது எப்படிங்?

ஆறுமுகம்: வேகமா சுத்துனா டீயும் அதே அளவுக்கு வேகமா வந்துருதே!

குமார்: நான் எங்கங்ணா நேரா ஆத்தறேன், சாய்ச்சுத்தான ஆத்தறேன்?

ஆறுமுகம்: சுத்தறதுக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சாத் தப்பிச்சே. இந்தப் பக்கம் சாய்ச்சா டீ பூராவும் கஸ்டமர் மேல.

குமார்: அப்ப நீங்க இந்தப் பக்கமே உக்காருங்ணா.