பின்புறக் கேமரா வீண் செலவல்ல
காரில் பொருத்திச் சாலைக் காட்சிகளைப் பதிவு செய்யும் டேஷ்கேம் முன்புறம் ஒன்று இருந்தால் போதும், பின்புறக் கேமரா வீண் செலவு என்று டேஷ்கேம் பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற ஆண்டு ஜி.எஸ்.டி. சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்த என் காரின் பின்னால் மோதிய வேன் ஒன்று, நான் இறங்குவதற்குள் பின்வாங்கி, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. முன்புறக் கேமராவில் பதிவானது ஒரு குலுக்கலும் என் குரலும் மட்டுமே, வண்டி எண் இல்லை. அதன் பிறகுதான் இரண்டு கேமரா உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். கேமரா கண்ணில் பட்டால் கண்ணாடியை உடைத்துத் திருடுவார்கள் என்று இக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் அஞ்சுவது நியாயமே. ஆனால் திரையில்லாத சிறிய மாடலை பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் ஒட்டிவிட்டால் வெளியிலிருந்து எளிதில் தெரியாது, காட்சிகளைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரல் அளவேயுள்ள பின்புறக் கேமரா, பின்கண்ணாடியின் மேல்விளிம்பில், கண்ணாடியில் படியும் ஈரப்படலத்தை நீக்கும் டிஃபாகர் கோடுகள் குறுக்கிடாத இடத்தில் அடங்கிவிடும். வயரைக் கூரைத் துணிக்குள் கொண்டுசெல்லும்போது, பக்கவாட்டுத் தூணில் ஏர்பேக் இருந்தால் அது விரியும் பாதையில் வயர் குறுக்கே வரக் கூடாது என்பதால், அந்த வேலையை மட்டும் விவரம் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்தும் காருக்கு லித்தியம் பேட்டரி உள்ள மாடல் ஆகாது. என் பழைய கேமராவின் பேட்டரி உப்பி, மூடியே பிளந்துகொண்டது. பேட்டரிக்குப் பதிலாக மின்சாரத்தைச் சேமிக்கும், வெப்பத்தை நன்கு தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.